பெயர் தெரியாத காம்ஷாஃப்ட்: அளந்து அறிவது எப்படி?

பழைய எஞ்சின்களைப் பிரித்துக் கட்டுகிறவர்களின் அலமாரியில் ஊர்பேர் தெரியாத ஒரு காம்ஷாஃப்ட் கிடப்பது வழக்கம். யாரோ கழற்றி வைத்தது, பழைய சாமான் சந்தையில் மற்றவற்றோடு சேர்ந்து வந்தது, பந்தய எஞ்சின் ஒன்றை வாங்கியபோது உள்ளே இருந்தது. பெட்டி இருக்காது, அட்டை இருக்காது. பார்த்தால் நல்ல காம். புது எஞ்சினில் போடலாமா, போட்டால் எப்படி ஓடும் என்பதுதான் கேள்வி. இதற்குப் பதில் காமின் பெயரில் இல்லை. ஒவ்வொரு டிகிரிக்கும் அது டேப்பெட்டை எவ்வளவு தூக்குகிறது என்ற அட்டவணையில் இருக்கிறது. அந்த அட்டவணையைச் சரியாக எடுத்துவிட்டால் பெயர் தெரியாமலே எஞ்சின் கட்டலாம். பெயர் மட்டும் தெரிந்து அட்டவணை இல்லாவிட்டால், கட்டுவது ஊகத்தின் மேல்தான்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஓர் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் ஷெவர்லே ஸ்மால் பிளாக் வி8. 1955-இல் 265 கன அங்குலத்தில் வந்தது. பிறகு 283, 327, 350 என்று வளர்ந்தது. 2011-இல் பத்துக் கோடியாவது ஸ்மால் பிளாக்கைச் செய்துமுடித்ததாக ஜெனரல் மோட்டார்ஸ் கொண்டாடியது. அறுபது எழுபது ஆண்டுகளாகத் தொழிற்சாலையும் தனியார் காம் கடைகளும் அதற்கு அரைத்துத் தள்ளிய காம்களுக்குக் கணக்கில்லை. அடையாளமில்லாத காம் என்ற சிக்கல் அதிகம் எழுவதும், அதைத் தீர்க்கும் கலை நன்றாக வளர்ந்திருப்பதும் இந்த எஞ்சினில்தான்.

முதலில், எதற்காக இவ்வளவு மெனக்கெட வேண்டும்? இன்டேக் வால்வ் எப்போது மூடுகிறது என்பது தெரியாமல் கம்ப்ரஷன் விகிதத்தைத் தீர்மானிக்க முடியாது. பிஸ்டன் கீழிருந்து ஏறத் தொடங்கிய பிறகும் வால்வ் திறந்தே இருந்தால், அதுவரை ஏறிய தூரம் அழுத்தத்துக்கு உதவாது. தாமதமாக மூடும் காமைக் குறைந்த கம்ப்ரஷன் எஞ்சினில் போட்டால் கீழ்வேகத்தில் இழுவையே இருக்காது. சீக்கிரம் மூடும் காமை அதிகக் கம்ப்ரஷனில் போட்டால் எஞ்சின் தட்டும். பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடையே போதிய இடம் இருக்கிறதா, ஸ்பிரிங் முழுதாக அமுங்கி முட்டுகிறதா என்பதெல்லாம் அடுத்த கேள்விகள். இவற்றில் ஒன்றைத் தவறவிட்டாலும் முதல் ஸ்டார்ட்டிலேயே வால்வ் வளையக்கூடும்.

காமின் உடம்பில் எண்கள் இருக்கும். எல்லோரும் முதலில் தேடுவது அதைத்தான், ஏமாறுவதும் அங்கேதான். லோப்களுக்கு நடுவில் புடைத்து நிற்கும் வார்ப்பு எண், காமை அரைப்பதற்கு முன்பு இருந்த வார்ப்புக்கு உரியது. ஒரே வார்ப்பில் நூறு வகைக் காம்களை அரைக்கலாம். ‘சி.டபிள்யூ.சி.’ என்ற எழுத்துகளைப் பார்த்து அதுதான் காம் செய்த கம்பெனி என்று நினைப்பவர்கள் உண்டு. அது மிச்சிகன் மாநிலத்தில் இயங்கிய ஒரு வார்ப்பாலையின் முத்திரை. பல காம் கடைகளுக்கும் வார்ப்பு போனது அங்கிருந்துதான். அரைத்தவர் குத்திய எண் முனைகளின் முகப்பில் இருக்கும். அது தெளிவாக இருந்து, அந்தக் கடையின் பழைய பட்டியலும் கிடைத்தால் நல்லது. அப்போதும் அளக்காமல் நம்பக் கூடாது. ஒரு முறை அரைத்த காமை யாரோ மறுபடியும் அரைத்திருக்கலாம். முகப்பு எண் அப்படியே இருக்க லோப் வேறாகியிருக்கும்.

சரி, லிஃப்ட் ஒன்றை மட்டும் அளந்து பட்டியலில் தேடினால் போதாதா என்று கேட்கலாம். போதாது. இதே எஞ்சினின் இரண்டு தொழிற்சாலைக் காம்களைப் பாருங்கள். பொறியாளர் சோரா ஆர்க்கஸ்-டண்டோவ் கொர்வெட் காருக்காக வடிவமைத்த ‘097’ காம் 1950-களின் பந்தயப் புகழ் பெற்றது. அதன் வால்வ் லிஃப்ட் இன்டேக்கில் 0.394, எக்ஸாஸ்ட்டில் 0.400 அங்குலம். சாதாரணக் குடும்பக் கார்களில் வந்த ‘929’ காமில் 0.390, 0.410. ராக்கர் விகிதமான 1.5-ஆல் வகுத்தால் லோபின் உயரத்தில் வித்தியாசம் ஆயிரத்தில் சில பங்குகள்தான். ஆனால் முன்னது இடைவெளி வைத்து ஓட்டும் சாலிட் டேப்பெட்டுக்கானது, மேல்வேகத்துக்குப் பிறந்தது. பின்னது ஹைட்ராலிக், சந்தை வரை போய்வரும் வண்டிக்கானது. லிஃப்டை மட்டும் பார்த்தவர் இரண்டையும் ஒன்றென்று சொல்லிவிடுவார்.

டியூரேஷன் விஷயத்தில் குழப்பம் இன்னும் ஆழமானது. 327 எஞ்சினின் எல்79 ஹைட்ராலிக் காமுக்குத் தொழிற்சாலை சொன்ன டியூரேஷன் 342 டிகிரி. 1964-இன் ‘30-30’ சாலிட் காமுக்குச் சொன்னது 346. நாலே டிகிரி வித்தியாசம். லோப் 0.050 அங்குலம் தூக்கிய இடத்திலிருந்து அதே உயரத்துக்கு இறங்கும் இடம் வரை அளந்தால் முதலாவது 222, இரண்டாவது 254. முப்பத்திரண்டு டிகிரி வித்தியாசம். ஓட்டினால் இரண்டும் வேறு வேறு எஞ்சின்கள். தொழிற்சாலை, லோப் மெதுவாக ஏறி இறங்கும் சரிவுப்பாதையின் அடி முதல் அடி வரை கணக்கிட்டிருந்தது. தனியார் கடைகளிலோ ஒருவர் 0.004-இலிருந்து எண்ணுவார், ஒருவர் 0.006-இலிருந்து, சாலிட் காமுக்கு வேறொருவர் 0.020-இலிருந்து. எந்த உயரத்தில் அளந்தது என்று சொல்லாத டியூரேஷன் எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. 0.050 அங்குலம் பொது அளவாக நிலைபெறப் பெரிதும் காரணமாகச் சொல்லப்படுபவர் ஃப்ளோரிடாவில் காம் கடை வைத்திருந்த ஹார்வி கிரேன். ஜப்பானிய, ஐரோப்பிய எஞ்சின்களில் 1 மில்லிமீட்டரில் அளப்பது பரவலான பழக்கம். அந்த எண்ணையும் இந்த எண்ணையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது.

0.050 என்ற உயரத்தைத் தேர்ந்ததற்கு வலுவான காரணம் உண்டு. சரிவுப்பாதையின் அடியில் லோப் மிக மெதுவாக ஏறுகிறது. அங்கே டயல் கேஜில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினால் கிராங்க் கணக்கில் மூன்று நான்கு டிகிரி தள்ளிப்போகும். 0.050 உயரத்தில் ஏற்றம் வேகமாக இருப்பதால் அதே பிசகு ஒரு டிகிரிக்கும் குறைவாகவே பாதிக்கும். நம் கையிலுள்ள சாதாரணக் கருவிகளுக்கு ஏற்ற இடம் அது.

இனி மேசைக்கு வருவோம். காமைச் சுத்தமாகத் துடைத்து முதல், ஐந்தாம் ஜர்னல்களை வி-பிளாக்கில் வைத்து, நடு ஜர்னலில் டயலை ஊன்றிச் சுற்ற வேண்டும். ஸ்மால் பிளாக்கில் ஐந்து ஜர்னலும் ஒரே விட்டம், 1.868 அங்குலத்தை ஒட்டியது. நடு ஜர்னலில் முள் ஆயிரத்தில் இரண்டு பங்குக்கு மேல் ஆடினால் காம் வளைந்திருக்கிறது. அதை நேராக்காமல் மேற்கொண்டு அளப்பதில் பயனில்லை.

பிறகு லோபை மைக்ரோமீட்டரால் பிடித்துப் பார்ப்பது. மூக்கிலிருந்து முதுகு வரை ஓர் அளவு, அதற்குச் செங்கோணத்தில் குறுக்கே ஓர் அளவு. முதலிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் லோப் லிஃப்ட். இரண்டாவது அளவு, வட்டமான அடித்தளத்தின் விட்டமாக இருக்கும்வரைதான் இந்தக் கணக்கு செல்லும். 346 டிகிரி காமில் சரிவுப்பாதை மூக்கிலிருந்து இருபுறமும் 86½ காம் டிகிரி வரை நீள்கிறது. குறுக்களவு எடுக்கும் 90 டிகிரியை அது ஏறக்குறையத் தொட்டுவிடுகிறது. இதைவிட நீண்ட காம்களில் மைக்ரோமீட்டர் அடித்தளத்தைப் பெரிதாகவும் லிஃப்டைக் குறைவாகவும் காட்டும். ஆகவே மைக்ரோமீட்டரை முதல் பார்வைக்கு வைத்துக்கொண்டு, முடிவை டயலிடம் கேட்பதே முறை. பதினாறு லோபையும் அளந்து எழுத வேண்டும். எட்டு இன்டேக்கில் ஏழு ஒன்றாக நின்று ஒன்று மட்டும் குறைந்தால் அது தேய்ந்த லோப். அதை வைத்து காமின் அளவைத் தீர்மானிக்கக் கூடாது. உயர்ந்த லோபே அசல் வடிவுக்கு அருகிலிருப்பது.

பிளாட் டேப்பெட் காமா, ரோலர் காமா என்பதையும் இங்கேயே தீர்த்துக்கொள்ளலாம். பிளாட் டேப்பெட் காம் பெரும்பாலும் வார்ப்பிரும்பு, கருத்த பாஸ்பேட் பூச்சுடன் இருக்கும். டேப்பெட் சுழலவேண்டும் என்பதற்காக லோபின் முகம் ஒரு பக்கமாக ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு சாய்ந்திருக்கும். ரோலர் காமின் முகத்தில் சாய்வு இருக்காது, மூக்கு பருத்து மழுங்கியிருக்கும். லோப்களுக்கு நடுவே செம்பு நிறம் தெரிந்தால் அது எஃகுக் காம் என்று பெரும்பாலும் சொல்லலாம். மேற்பரப்பைக் கடினப்படுத்தும்போது கடினமாகக் கூடாத இடங்களுக்குச் செம்பு பூசும் வழக்கம் உண்டு. 1987 முதல் தொழிற்சாலையே ஹைட்ராலிக் ரோலர் பொருத்தத் தொடங்கியபோது, தடுப்புத் தகட்டுக்காகக் காமின் முன்முனை படியாக வெட்டப்பட்டது. அந்தப் படி கண்ணிலேயே தெரியும்.

இப்போது இந்தக் கட்டுரையில் நான் அதிகம் வலியுறுத்த விரும்பும் இடம். பலர் வி-பிளாக்கில் காமை வைத்து, டயல் கேஜின் கூர்முனையை நேராக லோபில் ஊன்றி அளக்கிறார்கள். உச்ச லிஃப்ட் சரியாக வரும். அதனால் எல்லாம் சரியென்று நம்பிவிடுகிறார்கள். டியூரேஷன் தவறாக வரும், அதுவும் கொஞ்சநஞ்சமல்ல. கூர்முனை காட்டுவது, காமின் மையத்துக்கு நேர்மேலே லோபின் பரப்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை. எஞ்சினுக்குள் லோபைத் தொடுவதோ தட்டையான முகம். லோப் சுழன்று வரும்போது அதன் தோள்பட்டை மையத்துக்கு நேராக வருவதற்கு முன்பே தட்டை முகத்தின் ஓரத்தைத் தொட்டுத் தூக்கத் தொடங்கிவிடும். எனவே டேப்பெட் கூர்முனையைவிட முன்னதாக எழும், பின்னதாக இறங்கும். ஸ்மால் பிளாக்கை ஒத்த அடித்தளமும் ஏற்ற வேகமும் வைத்துக் கணக்கிட்டால், 0.050 உயரத்தில் இந்த வேறுபாடு ஒவ்வொரு பக்கமும் ஆறேழு காம் டிகிரி வருகிறது. கிராங்க் கணக்கில், இரு பக்கமும் சேர்த்தால் இருபது டிகிரிக்கும் மேல். 254 டிகிரி பந்தயக் காமைச் சாதாரணச் சாலைக் காம் என்று கூர்முனை சொல்லிவிடும்.

தீர்வு எளிது. ஸ்மால் பிளாக்கின் டேப்பெட் விட்டம் 0.842 அங்குலம். முகம் கெடாத ஒரு பழைய சாலிட் டேப்பெட்டை எடுத்து, அது ஆட்டமில்லாமல் சறுக்கும்படி ஒரு புஷ்ஷில் நிறுத்தி, புஷ்ஷின் அச்சு காமின் மையத்தை நோக்கும்படி வைத்து, டயலை டேப்பெட்டின் தலையில் ஊன்ற வேண்டும். ரோலர் காமாக இருந்தால் அதற்குரிய விட்டமுள்ள ரோலர் லிஃப்டர் வேண்டும். ஹைட்ராலிக் டேப்பெட்டை அளவெடுக்கப் பயன்படுத்தவே கூடாது. உள்ளிருக்கும் பிளஞ்சர் அமுங்கி, தூக்கியதில் ஒரு பகுதியை விழுங்கிவிடும்.

கோணத்தை அளக்க டிகிரி வீல் பொதுவானது. ஏழு அங்குல வீலில் ஒரு டிகிரி ஒன்றரை மில்லிமீட்டர்தான். பதினாறு அங்குல வீலில் அது மூன்றரை மில்லிமீட்டர் ஆகும். காமின் மேல் நேராக வீலைப் பொருத்தும்போது வரும் பிழை கிராங்க் கணக்கில் இரட்டிப்பாகும் என்பதால் பெரிய வீலே நல்லது. அதைவிட நல்லது மில்லிங் மெஷினின் டிவைடிங் ஹெட். நம்மூர் லேத் பட்டறைகள் பலவற்றில் அது சும்மா கிடக்கிறது. கைப்பிடி நாற்பது சுற்று சுற்றினால் வேலைப்பொருள் ஒரு சுற்று; ஆகவே ஒரு சுற்றுக்கு ஒன்பது டிகிரி. இருபத்தேழு துளை வட்டத்தில் மூன்று துளை நகர்த்தினால் துல்லியமாக ஒரு டிகிரி. எப்போதும் எஞ்சின் சுழலும் திசையிலேயே நகர்த்த வேண்டும். தாண்டிவிட்டால் நன்றாகப் பின்னுக்குப் போய் மறுபடி வரவேண்டும். இல்லாவிட்டால் பற்களுக்கு இடையிலுள்ள தளர்வு அளவில் கலந்துவிடும்.

முதல் சிலிண்டரின் இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டுக்கும் ஒவ்வொரு டிகிரிக்கும் லிஃப்டை எழுதினால் காமின் முழுக் கதையும் தாளில் வந்துவிடும். பத்தாயிரத்தில் ஒரு பங்கு காட்டும் டயல் இருந்தால் அடுத்தடுத்த அளவுகளின் வித்தியாசத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். அந்த வரிசைதான் பல ரகசியங்களைச் சொல்லும். ஏற்றத்தின் தொடக்கத்தில் வித்தியாசம் பல டிகிரிக்கு ஒரே அளவாக நின்று, லோப் 0.015, 0.020 அங்குலம் உயர்ந்த பிறகே வேகம் கூடினால் அது சாலிட் காம். அந்த மெதுவான படி, இடைவெளியை அதிர்ச்சியில்லாமல் மூடுவதற்காக அரைக்கப்பட்டது. 30-30 என்ற பெயரே இரு வால்வுக்கும் 0.030 இடைவெளி என்பதிலிருந்து வந்தது. ராக்கர் விகிதம் 1.5-ஆல் வகுத்தால் லோபில் 0.020. வால்வ் உண்மையில் அசையத் தொடங்குவது அங்கேதான். அதே கணக்கில், அதன் 0.485 அங்குல லிஃப்டிலும் வால்வுக்குக் கிடைப்பது 0.455 மட்டுமே. இந்தப் படியைப் பார்க்காமல் ஹைட்ராலிக் டேப்பெட் போட்டவருக்கு டியூரேஷன் அநியாயமாக நீண்டு, ஐடிலில் எஞ்சின் நிலையாக ஓடவே ஓடாது.

வித்தியாச வரிசையின் உச்ச எண்ணும் முக்கியம். தட்டை டேப்பெட்டில் தொடும் புள்ளி மையத்திலிருந்து விலகும் தூரம், லோபின் ஏற்ற வேகத்துக்கு நேர்விகிதம். 0.842 அங்குல டேப்பெட்டில் காம் டிகிரிக்கு 0.00735 அங்குலத்துக்கு மேல் ஏற்றம் போனால் தொடும் புள்ளி முகத்தின் ஓரத்தைத் தாண்டி, லோப் டேப்பெட்டின் விளிம்பைச் செதுக்கும். உங்கள் அட்டவணை அதைத் தாண்டினால் அந்தக் காம் பெரிய டேப்பெட் உள்ள வேறு எஞ்சினுக்கோ ரோலருக்கோ அரைத்தது. அல்லது அளவெடுத்ததில் பிழை.

லோபின் உச்சி நிற்கும் கோணமான சென்டர்லைனைக் கண்டுபிடிக்க, உச்சத்தில் டயல் நிற்கும் இடத்தைக் குறிப்பது போதாது. மூக்கின் உச்சியில் பல டிகிரிக்கு முள் அசையாது. உச்சத்திலிருந்து 0.050 இறங்கிய இரு புள்ளிகளைக் குறித்து நடுவைக் காண வேண்டும். 0.100, 0.200 இறக்கத்திலும் அதையே செய்து பாருங்கள். நடுப்புள்ளி நகர்ந்துகொண்டே போனால் லோப் சமச்சீரற்றது. மூடும் பக்கத்தை மெதுவாக வைத்து அரைத்த காம்கள் நிறைய உண்டு. ஒரே சிலிண்டரின் இரண்டு சென்டர்லைன்களுக்கும் நடுவிலுள்ள காம் டிகிரிதான் லோப் செப்பரேஷன். எல்79, 30-30 இரண்டிலும் அது 114. 1970-இன் எல்டி-1 காமில் 116. அந்த எல்டி-1 காமின் எக்ஸாஸ்ட் லோப் லிஃப்டிலும் டியூரேஷனிலும் 30-30-ஐ ஒத்தது, 0.485, 254. இன்டேக்கோ 0.459, 242. எக்ஸாஸ்ட்டை மட்டும் அளந்தவர் இரண்டையும் பிரித்தறிய முடியாது.

எண்கள் கிடைத்ததும் வால்வ் நேரங்கள் கூட்டல் கழித்தல்தான். 222 டிகிரி காமை இன்டேக் சென்டர்லைன் 110-இல் பொருத்தினால், 111-உம் 110-உம் கூட்டி 180 கழிக்க 41. பிஸ்டன் அடிமட்டம் தாண்டி 41 டிகிரியில் இன்டேக் மூடுகிறது. 254 டிகிரி காமில் அதே கணக்கு 57 தரும். முதலாவதில், 0.050 உயரத்தில் பார்த்தால், இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரமே இல்லை. 6 டிகிரி எதிர்மறை. இரண்டாவதில் 26 டிகிரி இருக்கிறது. ஐடிலில் ஒன்று அமைதியாக ஓடுவதும் மற்றது குதிப்பதும் இதனால்தான்.

எஞ்சினுக்குள் வைத்து அளப்பது இன்னொரு வழி. பிஸ்டன் ஸ்டாப் வைத்து இருபக்கமும் முட்டவிட்டு, இரண்டு குறிகளின் நடுவை உண்மையான மேல்மட்டமாகக் கொண்டு தொடங்கவேண்டும். அங்கே டேப்பெட்டும் அதன் துளையும் அசலாகவே இருப்பதால் கூர்முனைப் பிழை வராது. ஆனால் டைமிங் செயின், ஸ்பிராக்கெட்டின் சாவிக்குழி ஆகியவற்றின் பிழைகள் காமின் பிழையோடு கலந்துவிடும். காமின் இயல்பை மேசையில் அறிந்துகொண்டு, பொருத்தும் கோணத்தை பிளாக்கில் சரிபார்ப்பதே என் தேர்வு.

பிளாக்கில் ஏற்றும் முன் சிலிண்டர்களின் வரிசையையும் பார்த்துவிடுங்கள். ஸ்மால் பிளாக்கின் வழக்கமான வரிசை 1-8-4-3-6-5-7-2. பந்தயக் காம்களில் நாலையும் ஏழையும் மாற்றி 1-8-7-3-6-5-4-2 என்று அரைப்பார்கள். ஒரே பக்கத்திலுள்ள முதல், ஏழாம் சிலிண்டர்களின் இன்டேக் உச்சங்களை ஒப்பிட்டால் தெரிந்துவிடும். வழக்கமான காமில் ஏழாவது 270 காம் டிகிரி பின்னால் வரும், மாற்றியதில் 90. படகு எஞ்சின்களுக்காக எதிர்த்திசையில் சுழலும்படி அரைத்த காம்களும் உண்டு. முன்னிருந்து பார்த்து வலமாகச் சுற்றும்போது இரு வால்வும் சந்திக்கும் இடத்தில் எக்ஸாஸ்ட் மூட, இன்டேக் திறக்க வேண்டும். அது தலைகீழாக வந்தால் அந்தக் காம் இந்தச் சுழற்சிக்கு ஆகாது.

இந்த முறை வேறு எஞ்சின்களுக்கும் பொருந்தும், சிறிய மாற்றங்களோடு. சென்னை திருவொற்றியூரில் பல பத்தாண்டுகள் தயாரான பழைய புல்லட்டில் இன்டேக்குக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் தனித்தனிக் காம் வீல்கள். அங்கே லோப் செப்பரேஷன் காமில் அரைக்கப்பட்டதல்ல. பற்கள் கோக்கும் குறிகளால் அமைவது. ஒரு பல் மாறினால் செப்பரேஷனே மாறிவிடும். எனவே மேசையில் டியூரேஷனும் லிஃப்டும்தான் கிடைக்கும், மீதி எஞ்சினில்தான். மேலே காம் வைத்து ராக்கர் மூலம் வால்வைத் தள்ளும் எஞ்சின்களில் ராக்கரின் விகிதம் சுழற்சிக்கிடையே மாறிக்கொண்டே இருப்பதால், லோபை விட்டு வால்வின் தலையிலேயே அளப்பது நல்லது. தொழிற்சாலைகளுக்கோ இந்தச் சிரமம் இல்லை. அமெரிக்காவின் ஆட்கோல் போன்ற நிறுவனங்களின் அளவைப் பொறிகள் முழுக் காமையும் தானாகவே சுழற்றி அளந்து தந்துவிடும்.

அட்டவணை முடிந்ததும் பட்டியல்களோடு ஒப்பிடலாம். ஒத்துப்போனால் மகிழ்ச்சி. ஒத்துப்போகாவிட்டால், அடித்தள வட்டத்தைப் பாருங்கள். அதே எஞ்சினின் அசல் காமைவிட அது சிறியதாக இருந்தால் மறுபடி அரைத்த காம். மூக்கை உயர்த்த முடியாததால் முதுகைக் குறைத்துத்தான் லிஃப்டைக் கூட்டுகிறார்கள். அப்போது டேப்பெட் முன்பைவிடத் தாழ்வாக நிற்கும். புஷ் ராட் நீளமாகத் தேவைப்படும். பெயர் கிடைக்காவிட்டாலும் இந்த ஓர் எண்ணை விட்டுவிடக் கூடாது.

பிளாட் டேப்பெட் காமில் கடைசியாக இன்னொரு கேள்வி இருக்கிறது: அதோடு ஓடிய டேப்பெட்டுகள் எங்கே? ஒவ்வொரு டேப்பெட்டும் தன் லோபோடு சேர்ந்து தேய்ந்து பழகியது. வரிசை குலைந்த பழைய டேப்பெட்டுகளைக் கலந்து போட்டால் சில நிமிட ஓட்டத்திலேயே லோப் சிதைந்து, இரும்புத்தூள் எண்ணெயோடு பேரிங்குகளுக்குள் போய்விடும். பழைய டேப்பெட்டுகள் எண்ணிட்டு வரிசையாகக் கிடைத்தால் அப்படியே அதே லோப்களில் வையுங்கள். கிடைக்காவிட்டால், லோபின் சாய்வு பதினாறிலும் மிஞ்சியிருக்கிறதா என்று மைக்ரோமீட்டரால் முகத்தின் இரு ஓரங்களையும் அளந்து பாருங்கள். இருந்தால் முழுக்கப் புதிய டேப்பெட்டுகளோடு, புதுக் காமுக்குச் செய்வதுபோலவே எண்ணெய்ப் பசை பூசி, ஸ்டார்ட் ஆனதும் வேகத்தைக் குறைக்காமல் பழக்கி ஓட்டலாம். சாய்வு அழிந்து முகம் தட்டையாகிவிட்ட லோப் ஒன்று இருந்தாலும், எவ்வளவு அரிய காமாக இருந்தாலும், அதை மறுபடி அரைக்கக் கொடுங்கள். அரைப்பவருக்குக் கூடவே அனுப்ப உங்களிடம் அட்டவணை இருக்கிறது.